ஞானையனின் சர்க்கார் குரல்

பாறசாலைக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடையில் ஞானையனின் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். ஜீப்பின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மைக்கை மோவாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அறிவிப்புக்காரர் அவர். தேர்தல், கோயில் கொடியேற்று, சபைக் கன்வென்ஷன், புதுத் துணிக்கடை, தடுப்பூசி முகாம், குடிதண்ணீர் வராத நாள் என்று எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு அவர் வாய்தான். மலையாளத்தில் ஒரு தடவை சொல்வார், தமிழில் ஒரு தடவை. எல்லையை ஒட்டிய ஊர்களில் எந்த வீட்டுக்குள் எந்த மொழி இருக்கிறது என்று வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாது.

வாலிபத்தில் ஒரு கன்வென்ஷன் மைதானத்தில் ஆரம்பித்த தொழில் இது. கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தைகளை மேடைக்குப் பின்னால் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். ஜெபம் நடக்கும்போது அவர்கள் அழுவது மைக்கில் விழும். நாற்காலி எடுத்துப் போட வந்த ஞானையன் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் மைக்கை வாங்கி, "மஞ்சள் சட்டைக்காரன் இங்க இருக்கான், அம்மையைத் தேடியான்" என்றார். மைதானத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஆளை ஓட வைக்கிற சாமான் தன் தொண்டையில் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு ராகம் உண்டு. தேர்தலுக்கு மூச்சு விடாமல் ஓட வேண்டும். துணிக்கடைக்கு வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு பேச வேண்டும். கன்வென்ஷனுக்குக் கடைசிச் சொல்லை இழுத்து மேலே ஏற்ற வேண்டும். சர்க்கார் அறிவிப்புக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஒரு வாக்கியம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததைச் சொல்ல வேண்டும். அந்த ராகம் கேட்டால் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வருவார்கள். தண்ணீர் வரும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வராது என்று சொல்லியிருக்கிறார். அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

இந்தக் குரலைத் தேடித்தான் வெங்கடகிருஷ்ணன் ஆள் அனுப்பினார்.

வெங்கடகிருஷ்ணன் நகரத்தில் பழைய கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருப்பவர். பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கோட்டைப்புறம் சரித்திரச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கம் என்றால் பழவங்காடியில் பாத்திரக்கடைக்கு மேலே ஒரு அறை. கீழே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபட்டுக்கொண்டே இருக்கும், மேலே யாராவது ஒருவர் பழைய கால்வாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். மாதம் ஒரு நடைப்பயணம், மழை இல்லாத மாதங்களில் சொற்பொழிவு, வருஷத்துக்கு ஒரு தடவை மாவட்டப் பாரம்பரிய வாரம். எதற்கும் வருகிற ஆட்கள் ஒரே ஆட்கள். யார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்பதுகூட மாறாது.

"போன வருஷம் வந்தவாள்ல பாதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவா. மீதி என் சொந்தக்காரா," என்றார் வெங்கடகிருஷ்ணன். "இந்தத் தடவை விஷயம் கடற்கரை. பழைய மேப், போட்டோ எல்லாம் பெரிசா அடிச்சு வெச்சிருக்கேன். சின்னமணல்துறையில கடல் கொண்டுபோன தெரு அத்தனையும் அதுல இருக்கு. கடற்கரைக்காரா ஒருத்தர் இல்லாம கடற்கரைக் கண்காட்சி நடத்தினா ஊர் சிரிக்காதோ? திறந்து வெக்க ஜில்லா ஆபீசர் வேற வரார்."

"ஆளு வரும் சாரே," என்றார் ஞானையன். "நான் விளிச்சு ஆளு வராம இருந்ததில்ல."

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. சரித்திரத்துக்கு என்ன ராகம்? இத்தனை வருஷத்தில் அந்தச் சரக்கை யாரும் அவரிடம் தந்ததில்லை. மனைவி சற்குணம் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளை எதிரே வைத்துப் பார்த்தார். தேர்தல் ராகத்தில் சொன்னார்.

"ஓட்டு கேக்கியது போல இருக்கு."

துணிக்கடை ராகத்தில் சொன்னார்.

"எத்தனை சதமானம் தள்ளுபடி?"

கன்வென்ஷன் ராகத்துக்கு அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கடைசியாக சர்க்கார் ராகத்தை எடுத்தார். சற்குணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதாக்கும். இதுல ஒரு மரியாதை உண்டு."

அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது. செயலாளர் எழுதித் தந்த வாசகத்தில் சங்கத்தின் பெயரே இரண்டு வரி இருந்தது. யாருக்கும் தெரியாத பெயரை முன்னால் சொன்னால் ஆள் நகர்ந்துவிடுவான் என்று அதைக் கடைசிக்குத் தள்ளினார். பழைய வீட்டின் புகைப்படம் இருந்தால் கொண்டுவரலாம் என்று ஒரு வரி இருந்தது. கடல் வீட்டைக் கொண்டுபோனபோது புகைப்படத்தை மட்டும் வைத்துவிட்டா போயிருக்கும்? மிஞ்சியது எதுவோ அதைக் கொண்டுவரட்டும் என்று தானாகச் சேர்த்தார்.

ஜீப் சின்னமணல்துறைக்குள் நுழைந்தது.

"சின்னமணல்துறை மக்களின் கவனத்துக்கு. கடல் கொண்டுபோன உங்கள் வீடுகளும் தெருக்களும் பழைய வரைபடத்தில் உள்ளன. வரும் சனிக்கிழமை காலை, கோட்டைக்குள் மண்டபத்தில், மாவட்டப் பாரம்பரிய வாரம். நேரில் வந்து உங்கள் வீட்டைக் காட்டவும். புகைப்படமோ, உங்களிடம் மிஞ்சியது எதுவோ, கொண்டு வரவும்."

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒரு ஆள் ஜீப்புக்குப் பக்கத்தில் ஓடி வந்து, "ஒருக்கா கூடச் சொல்லும்" என்றான். ஞானையன் இன்னொரு தடவை சொன்னார். ஜீப் ஓட்டிய ஸ்ரீஜித்துக்கே ஆச்சரியம்.

"சேட்டா, எலெக்ஷனுக்குக்கூட இத்தனை ஆளு வெளிய வந்நு நான் கண்டிட்டில்ல."

"சரித்திரம்னா ஜனத்துக்கு உயிரு மோனே," என்றார் ஞானையன்.

சனிக்கிழமை காலை, திறப்பு விழாவுக்கு வெகுநேரம் முன்பே மண்டபத்து வாசலில் இரண்டு பஸ் நின்றது. ஊரே வாடகைக்குப் பிடித்து வந்த பஸ். அதற்குப் பின்னால் டெம்போவிலும் ஆட்டோவிலும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி போதவில்லை. வெங்கடகிருஷ்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் மேடைக்குமாக ஓடினார்.

"இன்னும் வடை சொல்லுங்கோ! ஞானையன், என்ன ஓய் பண்ணினீர்? நீர் மனுஷனே இல்லே!"

ஞானையன் சிரித்துக்கொண்டே வரிசையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. வந்த எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. இத்தனை வருஷம் கூட்டத்தைப் பார்த்தவர் அவர். வேடிக்கை பார்க்க வருகிறவன் கையை வீசிக்கொண்டு வருவான். கவரோடு வருகிறவன் எதையோ வாங்கிக்கொண்டு போக வருகிறான். ஒரு கிழவர் வீட்டுச் சுவரிலிருந்து கழன்ற நம்பர் தகட்டை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார்.

செல்லபாய் அவரிடம் நேராக வந்தாள். சின்னமணல்துறையில் சாயாக்கடை வைத்திருந்தவள். கடையும் பின்னால் ஒட்டியிருந்த வீடும் கடலோடு போன பிறகு தங்கை வீட்டுச் சாய்ப்புத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, தள்ளுவண்டியில் சாயா விற்கிறாள். இன்று கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்தி வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, டோக்கன் எங்க குடுக்காவ?"

"என்ன டோக்கன்?"

"வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு பிள்ளே?"

"நல்ல ஆளு! நீருதானே வந்து விளிச்சு சொன்னது? வீடு எங்க இருந்துதுன்னு காட்டணும், கைல உள்ளத கொண்டு வரணும்னு? ரேஷன் கார்டு, வரி ரசீது, எல்லாம் உண்டு. நேத்து முழுக்க அதைத்தான் வெயில்ல உணத்தி எடுத்தேன்."

வாசகத்தில் வீடு தருவதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்தக் குரலில் இதுவரை வந்தது எல்லாம் சர்க்கார் சமாசாரம். அந்தக் குரல் 'மாவட்டம்' என்றும் 'வீடு' என்றும் 'கொண்டு வரவும்' என்றும் சொன்னால், கடல் வீட்டைக் கொண்டுபோன ஒரு ஊர் வேறு என்ன நினைக்கும்? மரியாதையாக இருக்கும் என்று தான் எடுத்த ராகம் என்ன செய்துவிட்டது என்று ஞானையனுக்கு விளங்கியது.

வெங்கடகிருஷ்ணனை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொன்னார். செயலாளரின் முகம் வாடியது. ஆனால் கண் மண்டபத்தை விட்டு நகரவில்லை. கடைசி வரிசைவரை தலைகள். சங்கம் தொடங்கிய நாள் முதல் அவர் காண ஆசைப்பட்ட காட்சி அது.

"ஆபீசர் வந்துண்டிருக்கார். விளக்கு மட்டும் ஏத்திடட்டும். அப்பறம் பக்குவமா நான் சொல்றேனே?"

"அப்போ அந்த கவரெல்லாம் ஆபீசரு கைக்குப் போவும் சாரே. அவரு இல்லன்னு சொல்லுவாரு. அதை அவரு வாயால கேக்க வச்சா இந்தச் சனங்களுக்கு எப்படி இருக்கும்?"

"ஒரு அரை மணி ஓய்."

"அரை மணி நேரமும் வீடு கிடைக்கும்னு இருப்பாங்க."

ஞானையன் மேடை ஏறினார்.

"மக்களே," என்றார். "ஒரு தப்பு வந்து போச்சு. இங்க வீடு குடுக்கல்ல. இது சர்க்கார் காரியம் இல்ல. பழைய படம் காட்டியது மட்டும்தான். நான் சொன்ன விதம் பிழை."

யாரோ சிரித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஆளு கூடிப் போச்சு, அதான் கொறைக்கப் பாக்காவ!" என்றது ஒரு குரல்.

"நாம போனா பின்னால வாறவனுக்குக் கிட்டும். இருங்க, யாரும் எழும்பாதீங்க!"

"ஜீப்பில சொன்ன மாதிரி சொல்லும் வோய்! இது உம்ம வீட்டுப் பேச்சு!"

ஞானையன் வாயைத் திறந்தார். அந்தக் குரல் வரவில்லை. அந்த ராகத்தைத் தொட நா கூசியது. தன் சொந்தக் குரலில் மறுபடியும் சொன்னார். அது யாருக்கும் பழக்கமில்லாத குரல். அவர்களுக்குத் தெரிந்த ஞானையன் ஸ்பீக்கரில் வருபவர். மேடையில் வியர்த்துப்போய்க் கெஞ்சுகிற இந்த ஆள் யாரோ.

செல்லபாய் முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கு வந்தாள். மைக்கைக் கையால் பொத்தினாள்.

"உள்ளதா? நீரு சொல்லியது நெசமா?"

"உள்ளது."

அவர் கண்ணை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மைக்கைப் பிடுங்கினாள்.

"மக்களே, கேளுங்க! வீடு இல்ல. ஒரு செங்கல்லும் இல்ல. படம் காட்டத்தான் நம்ம கூட்டிட்டு வந்திருக்காவ. இந்தா நிக்காரே, இந்த மனுஷனுக்கு வாய் இருக்கு, மண்டைல ஒண்ணும் இல்ல! தண்ணி வராதுன்னு சொல்லிய அதே வாயால வீட்டையும் சொன்னாரு. நாமளும் வேலைக்குப் போகாம, நல்ல சேலையும் உடுத்துட்டு, பஸ்ஸும் பிடிச்சு வந்தோம். இவருக்க வாயில மண்ணள்ளிப் போட! எழும்புங்க, போலாம்!"

அவர் சொல்லி நம்பாத ஊர், அவள் திட்டியதும் நம்பியது. நாற்காலிகள் இழுபட்டன. வெளியே போகும்போது ஒவ்வொருவரும் மேடையைப் பார்த்து ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. நம்பர் தகடு வைத்திருந்த கிழவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கவருக்குள் தகட்டைத் திரும்ப வைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. ஞானையன் அங்கேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

பஸ் கிளம்பும்போது வெங்கடகிருஷ்ணன் வாசலுக்கு ஓடி வந்தார்.

"அந்த வடையக் குடுத்தனுப்புங்கோ! எல்லாத்தையும்! வெறும் வயத்தோட போகப்படாது!"

ஆபீசர் வந்தபோது வழக்கமான ஆட்கள் வழக்கமான நாற்காலிகளில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு சின்னமணல்துறைப் பக்கம் ஞானையனின் ஜீப் போனால் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். "வீடு வருது, வீடு வருது!" ஒரு குடிதண்ணீர் அறிவிப்புக்குப் போனார். அன்று யாரும் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. மறுநாள் குழாய் வறண்டுவிட்டது. அதற்கும் திட்டு அவருக்குத்தான். வார்டு மெம்பர் போனில், "அண்ணாச்சி, கொஞ்ச நாள் கழியட்டே" என்றார். அவருக்குப் பதில் ஒரு ஆட்டோவில் யாரோ பதிவு செய்து தந்த குரல் சுற்றியது. ஸ்ரீஜித் வேறு சவாரிக்குப் போக ஆரம்பித்தான். சற்குணத்துக்கும் அதே கவலைதான். ராகத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவளுக்கும் பங்கு உண்டே.

"வாய மூடிட்டு இருக்கிய ஆம்பிளைய வீட்டுல வச்சுப் பாக்க எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

பாரம்பரிய வாரம் முடியும் முன் ஒருநாள் வெங்கடகிருஷ்ணன் பாறசாலையில் ஞானையன் வீட்டுக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு நீளமான குழல். வரைபடத்தைச் சுருட்டி அதற்குள் வைத்திருந்தார்.

"அவா ஊரோட மேப் இது. அவா பாக்காம என் ரூம்ல கிடக்கு. எனக்குப் பிடிக்கலே," என்றார். "நிறைவு நாளை அங்கயே வெச்சுக்கப் போறேன், அவா வாசகசாலையில. ஆபீசர் வேண்டாம், விளக்கு வேண்டாம். நீங்க வந்து ஒரு வார்த்தை..."

"என் குரல் அங்க இனி எடுபடாது சாரே."

"மைக் வேண்டாம் ஓய். என்னோட நடந்து வாங்கோ, போதும். எனக்கு அங்க ஒரு வீடும் தெரியாது."

நிறைவு நாளன்று வாசகசாலைச் சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டு இருவரும் ஊருக்குள் நடந்தே போனார்கள். முதல் தடவையாக ஞானையன் சின்னமணல்துறையில் ஜீப் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், செருப்பில் மண் ஏற நடந்தார். வீடு வீடாக நின்றார்கள். முதல் வீட்டில் கதவு திறந்தது, ஆளைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. அடுத்த வீட்டில் ஒரு ஆள் வலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"இந்தத் தடவ என்ன தருவீரு?"

"ஒண்ணும் தரமாட்டாங்க."

"பின்ன எதுக்கு வரணும்?"

"பாக்கியதுக்கு."

"எதை?"

"கடலு கொண்டுபோவதுக்கு முன்னால ஊரு எப்பிடி இருந்துதுன்னு."

அவன் கடலைப் பார்த்துத் துப்பிவிட்டு வலையைத் தொடர்ந்தான். எல்லா வாசலிலும் இதே கேள்வி. எல்லா வாசலிலும் ஞானையன் அதே பதிலைச் சொன்னார். 'ஒண்ணும் இல்ல' என்பதைச் சொல்ல எந்த ராகமும் தேவைப்படவில்லை. சொல்லச் சொல்ல அது எளிதானது. வெங்கடகிருஷ்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும், "பாத்தா ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

தெருமுனையில் செல்லபாயின் வண்டி நின்றது. அவள் செயலாளருக்கு மட்டும் ஒரு சாயா ஆற்றினாள்.

"வடை குடுத்தனுப்பிய சாரு. குடிங்க. இவருக்கு இல்ல."

"வேண்டாம்," என்றார் ஞானையன்.

"வேணும்னாலும் இல்ல." அவள் கோப்பையைக் கழுவினாள். "என்னத்துக்கு வந்தீரு?"

சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

"பேப்பர் கொண்டு வரணுமா?"

"வேண்டாம்."

"பேரு எழுதி எடுப்பீரா?"

"இல்ல."

"பின்னால சர்க்கார்ல இருந்து யாரும் வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க."

"எங்க வீடு அதுல உண்டா?"

ஞானையன் செயலாளரைப் பார்த்தார். வெங்கடகிருஷ்ணன் சாயாவைக் கீழே வைத்தார்.

"தெரு இருக்கும்மா. வீடு வீடா அதுல கிடையாது. இங்க ஒரு கிணறும் ஒரு சின்னப் பாலமும் போட்டிருக்கு. அதை வெச்சு நீங்கதான் எதுன்னு பாத்துக்கணும். நான் பொய் சொல்லப்படாது."

"பாலமா? வீட்டுக்கு எதுத்தாப்புல இருந்த பாலமா?"

"அது எனக்குத் தெரியாதே."

செல்லபாய் கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஸ்டவ்வை அணைத்தாள். ஞானையனின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் தரமாட்டாங்க. உறப்புதானே?"

"உறப்பு."

அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்து ஒரு கூப்பாடு போட்டாள்.

"எக்கா! ஏ மக்களே! வாசகசாலையில நம்ம ஊரு படம் வச்சிருக்காவ! ஒண்ணும் தரமாட்டாவளாம்! வாங்க!"

ஒரு கதவு திறந்தது. அடுத்தது. வலைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் தரமாட்டாவன்னு உள்ளதா? யாரு சொன்னா?"

"ஞானையன் அண்ணாச்சிதான் சொன்னாரு," என்றாள் செல்லபாய். "உள்ளதாக்கும். வா."